தோற்றவர்களுக்குத் தைத்த கோட்டுகள்

எங்கள் அப்பார்ட்மென்ற் கதவுக்கு நேரெதிரே ஒரு வெள்ளைக்கார அம்மையார் தனியாகக் குடியிருந்தார். 1997ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், சாம்பல் நிறக் கம்பளிப் போர்வைகளை நாடிவரை அணைத்துக்கொண்டு வந்து, எங்கள் கதவைக் காலால் தட்டினார்.

"உங்களால் கோட்டுத் தைக்க முடியுமா?" என்று கேட்டார். "பழைய காலத்துக் கோட்டு. நூற்றறுபது வருடத்துக்கு முந்திய கமக்காரர்கள், நிலத்தை உழுதவர்கள், போட்ட மாதிரி. நாங்கள் கிளர்ச்சி செய்யப் போகிறோம்."

என் ஆங்கிலம் அந்த நாட்களில் பொத்தான் துளை அளவுதான். ஆனால் கிளர்ச்சி என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எங்கள் நாட்டுச் செய்திகள் எனக்கு நன்றாகவே பழக்கியிருந்தன. எனவே நான்தான் பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் எழுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூட அலுவலகமொன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். லிஃப்றுக்கு எவராவது தூரத்தில் வந்தால்கூடக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுசி. அவருக்கும் கிளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?

போர்வைகளை என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, நூலகப் புத்தகத்தில் பிரதியெடுத்த ஒரு படத்தைக் காட்டினார். தொப்பி போட்ட ஆண்கள் பனிக்குள் நடந்து போகிறார்கள். சிலர் கையில் வைக்கோல் அள்ளும் முள்ளுக்கம்பு, சிலர் கையில் ஈட்டி, ஒன்றிரண்டு பேரிடம் துவக்கு. "இவர்கள்தான்" என்றார். "இவர்களும் போர்வையில்தான் கோட்டுத் தைத்துப் போட்டார்கள். நீங்கள் யோசிக்க வேண்டாம், வடிவாக இருக்க வேண்டும் என்றில்லை."

நான் அப்போது வீட்டிலிருந்து தையல் செய்துகொண்டிருந்தேன். எங்கள் பெண்களுக்குச் சட்டை, கட்டடத்திலுள்ள மற்றவர்களுக்குக் காற்சட்டை மடித்துத் தைத்தல். அந்த வேலைகளில் பாதிக்கு மேல் இந்த அம்மையார் சொல்லிவிட்டு வந்தவை. அவர் கேட்டு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தைப்பது எதற்காக என்று விளங்கிக்கொள்ளத்தான் எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

ரொறன்ரோ என்றுதான் நாங்கள் எல்லோரும் ஊருக்கு எழுதும் கடிதத்தில் போடுவோம். உண்மையில் அந்தக் காலத்தில் அது ஆறு நகரங்களாக இருந்தது. எங்கள் சனம் பெரும்பாலும் ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கமும் மோர்னிங்சைட் பக்கமும் இருந்தது. எங்களுக்கு வந்திறங்கிய கிழமை வீடு கிடைத்தது ஈஸ்ட் யோர்க்கில். ஆறிலும் சிறியது அது. அதற்கென்று ஒரு சபை, ஒரு மேயர், சொந்தமாகப் பனி வழிக்கும் வண்டிகள். எனக்கு அதெல்லாம் தெரியாது. குப்பை வண்டி ஒழுங்காக வருகிறது, அது யாருடைய வண்டி என்று நான் ஏன் கேட்கப் போகிறேன்? அந்த மாரிக் குளிரில் மாகாண அரசு ஆறு நகரங்களையும் கலைத்து ஒன்றாக்கச் சட்டம் கொண்டுவந்தபோதுதான், நான் ஒரு சின்ன ஊருக்குள் இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிய வந்தது.

கோட்டுக்கு அளவெடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் ஒரு கூட்டத்துக்கு வருவார்கள் என்று சொல்லி, அம்மையார் என்னை ஒரு மாலை நகரசபை மண்டபத்துக்கு அழைத்துப் போனார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றேன். உட்கார இடமில்லை. நடுவில் ஒரு ஒலிவாங்கி. அதற்குப் பின்னால் நீண்ட வரிசை. தன் முறை வந்ததும் ஒவ்வொருவரும் மேடையிலிருந்த மேயரையும் உறுப்பினர்களையும் பார்த்துத் தன் மனதில் உள்ளதைச் சொன்னார்கள். சேறு காயாத சப்பாத்தோடு வந்த ஒரு மனிதர், "என் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைத் திருத்தித் தருவதாக மூன்று தேர்தலாகச் சொல்கிறீர்கள். இன்னும் திருத்தவில்லை. ஆனாலும் நீங்கள் எங்களுடைய ஆள். உங்களை அவர்களுக்கு விட்டுத்தர மாட்டேன்" என்று மேயரிடம் சொன்னார். மண்டபம் சிரித்தது. மேயரும் சிரித்தார். பிறகு பேனையை எடுத்து, அந்த ஒழுங்கை எதுவென்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அதுவரை நான் பார்த்த அலுவலகங்களில் கதிரையில் இருப்பவர் பேசுவார், நிற்பவர் கேட்பார். இங்கே நிற்பவர் பேசக் கதிரையில் இருந்தவர் எழுதிக்கொண்டிருந்தார். அளவெடுக்க வந்தவள் கூட்டம் முடியும்வரை அளவெடுக்க மறந்து நின்றேன்.

என் அப்பா எங்கள் ஊரின் கிராமசபையில் அங்கத்தவராக இருந்தவர். சந்தைக் கொட்டில், தெரு விளக்கு, மதகு என்று அவருடைய பேச்செல்லாம் அதுதான். பிறகு கொழும்பில் ஒரு சட்டம் வந்து கிராமசபைகள் எல்லாமே இல்லாமற் போயின. அன்று மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்து, சேர்ட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு, "சபை முடிஞ்சுது" என்றார். அம்மா சோறு போட்டார். ஊரில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் முடித்தீர்கள் என்று கேட்கலாம் என்ற நினைப்பே எங்களில் எவருக்கும் வரவில்லை. ஈஸ்ட் யோர்க் மண்டபத்தில் நின்றபோது, அந்த மத்தியானம் அப்பா எவ்வளவு தனியாக இருந்திருப்பார் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

அந்தச் சட்டத்தை எதிர்த்து அவர்கள் ஊர்வலத்தில் நடித்துக் காட்டவிருந்த பழைய கிளர்ச்சியின் கதையை அம்மையார் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டுதான் சொன்னார். நான் போர்வையை வெட்டினேன், அவர் நூல் கோத்துத் தந்தார். 1837 மார்கழியில் இந்த நாட்டின் கமக்காரர்கள், தங்களைத் தாங்களே ஆளவேண்டும் என்று கேட்டு, யங் வீதியின் வடக்கே ஒரு சத்திரத்தில் கூடினார்கள். கவர்னரும் அவரைச் சுற்றியிருந்த சில குடும்பங்களும் வைத்ததுதான் அன்று சட்டம். கேட்டுப் பார்த்தார்கள், மனுக்கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு யங் வீதியால் தெற்கே நகரத்தை நோக்கி நடந்தார்கள். அம்மையாருடைய பாட்டனாரின் பாட்டனார் அதில் முன்வரிசையில் போனவர். இருட்டிய நேரம் வேலிக்குப் பின்னால் இருந்து ஒரு சிறு காவற்படை சுட்டது. முன்வரிசைக்காரர்களும் சுட்டார்கள். சுட்டுவிட்டு, பின்னால் நிற்பவர்கள் சுடுவதற்கு வழிவிட்டு நிலத்தில் படுத்தார்கள்.

"பின்னால் நின்றவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா?" என்று அம்மையார் கேட்டார். "முன்வரிசை முழுக்கச் செத்து விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடிவிட்டார்கள். மறுபக்கத்தில் அந்தக் காவற்படையும் பயந்து ஓடிவிட்டது. எங்கள் கிழவர் தலையைத் தூக்கிப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒருவருமில்லை. பனியில் தனியாகப் படுத்திருக்கிறார்."

சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பதென்று தெரியவில்லை. துவக்கு, சூடு, ஓட்டம் என்ற சொற்களெல்லாம் வருகிற ஒரு கதையைச் சொல்லிவிட்டு ஒருவர் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டு தமிழர் லிஃப்றுக்குள் தனியாக நின்றாலும் அந்தச் சொற்களைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம்.

"பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"சில நாட்களில் அரசாங்கப் படை வந்தது. சத்திரத்தை எரித்தார்கள். இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள். பலரைக் கப்பலேற்றி உலகத்தின் மறுபக்கம் அனுப்பினார்கள். எங்கள் கிழவரை ஒரு மாரி முழுக்கச் சிறையில் வைத்திருந்து பிறகு விடுதலை செய்தார்கள்."

"அப்ப தோல்விதானே?"

"சரியான தோல்வி" என்றார், கொஞ்சம் பெருமையோடு. "ஆனால் அவர்கள் கேட்டது, கொஞ்சக் காலத்துக்குப் பிறகு வந்தது."

தூக்கிலிடப்பட்டவர்களுக்கு நகரத்தின் பழைய சவக்காலையில் ஒரு தூண் நிற்கிறது என்றும், கிளர்ச்சியை நடத்திவிட்டு ஓடித் தப்பிய தலைவரின் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றும் அவர் சொன்னபோது நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். ஆளைத் தூக்கில் போடத் தேடுகிறார்கள், பிறகு அவன் பெயரைப் பள்ளிக்கூடத்துக்கு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறார்கள். இடையில் என்ன நடந்தால் ஒரு நாடு இப்படி ஆகும்? அதைக் கேட்க என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. தமிழிலும் இருந்ததா தெரியாது.

பள்ளிக்கூடத்தால் வந்த என் மகள் படத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. "அம்மா, நாங்கள் உதை ஸ்கூல்ல படிச்சனாங்கள். தே லொஸ்ற். தோத்த ஆக்களுக்கு ஏன் கோட்டுத் தைக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

"குளிருமெல்லே" என்றேன்.

கோட்டோடு முடிந்திருந்தால் என் கணவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அவர் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து, சோபா முழுக்கக் கிடந்த கம்பளியை ஒதுக்கிவிட்டு, அதன் ஓரத்திலேயே இருந்து தேத்தண்ணி குடிப்பார். ஒருநாள் அம்மையார், தோளில் மாட்டப் பட்டி தைக்க வேண்டும் என்று ஒரு துவக்கைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். மரத்தில் செய்து கறுப்பு மை பூசியது. நான் அதைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்றேன். கணவர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமல், கதவைச் சாத்தாமல், வாசலிலேயே நின்றார். ஒரு கை கதவுப் பிடியில். இன்னொரு கையில் சாப்பாட்டுப் பெட்டி.

"மரம்தான்" என்றேன். "இஞ்சேருங்கோ, அது மரம். எதிர்க்கதவு மனுசி தந்தவா."

அவர் கதவைச் சாத்தி, உள்பூட்டைப் போட்டார். யன்னல் திரையை இழுத்து மூடினார். அதன்பிறகுதான் கிட்டப்போய் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அது மரம் என்று விரலுக்குத் தெரிந்த பிறகும் அதன் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"உதை இண்டைக்கே திருப்பிக் குடும்" என்றார்.

"பட்டி தைச்சுப்போட்டுக் குடுக்கிறன்."

"உவை உதோடை றோட்டிலை போகப் போகினமோ?"

"ஓம். யங் வீதியாலை. சனிக்கிழமை."

"பொலிஸுக்குத் தெரியுமோ?"

"பொலிஸ்தான் றோட்டை மறிச்சுக் குடுக்கப் போகினமாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் இந்த நாட்டு ஆங்கிலத்தை எவ்வளவு பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறேன் என்ற கவலை இருந்தது. அவரை ஊரில் ஒருமுறை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துப் பிரதான வீதியால், தலைக்குமேல் கையை வைத்தபடி, மற்றவர்களோடு வரிசையாக நடத்திக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. ஆனால் ரொறன்ரோவில்கூட வீதியின் நடுவால் அவர் நடந்து நான் பார்த்ததில்லை. சந்தியில் வெள்ளைக்கோடு போட்ட இடத்தில்கூட ஓரமாகத்தான் நடப்பார்.

"கோட்டைக் குடும், துவக்கைக் குடும். நீர் ஊர்வலத்துக்குப் போக வேண்டாம்" என்றார்.

"நான் ஏன் போறன்? எனக்கென்ன வேலை அங்கை?" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை காலை கணவரேதான் என்னையும் கோட்டுகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஊர்வலம் தொடங்கும் இடத்தில் கோட்டுகளை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவது எங்கள் திட்டம். அங்கே போய்த்தான் நான் செய்த மடைத்தனம் தெரிந்தது. நான் அளவெடுத்தது சூடான மண்டபத்துக்குள், சேர்ட்டின் மேல். அவர்கள் வந்து நின்றதோ தடித்த மாரி ஜக்கெற்றுகளோடு. ஒரு கோட்டும் ஒருவருக்கும் ஏறவில்லை. ஜக்கெற்றைக் கழற்றினால் விறைத்துப்போவார்கள்.

பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தேன். கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு கோட்டின் பக்கத் தையலையும் பிரித்தேன். அவர்கள் போட்டுக்கொண்டு வந்து குனிந்து நின்றார்கள். நான் கம்பளித் துண்டை இடையில் கொடுத்துச் சட்டை ஊசியால் குத்திவிட்டேன். என் விரல்கள் விறைத்து ஊசி பிடிபடவில்லை. அம்மையார் தன் கையுறைக்குள் என் கைகளை மாறி மாறி வைத்துச் சூடாக்கினார். கணவர் பக்கத்தில் நின்று, "கெதியா, கெதியா" என்றுகொண்டிருந்தார்.

கடைசி ஆள் அந்த ஒழுங்கைக்காரர். மேயரைச் சிரிக்க வைத்த அதே மனிதர். அவருடைய முதுகுப் பக்கத்தில் நான் ஊசி குத்திக்கொண்டிருக்கும்போதே எங்கோ மேளம் அடித்தது. அவர் நடக்கத் தொடங்கினார். பாதி குத்திய கோட்டை விட முடியாமல் நானும் பின்னால் நடந்தேன். ஒரு ஊசி, இன்னொரு ஊசி. எல்லாம் முடித்து நிமிர்ந்து பார்த்தபோது நான் யங் வீதியின் நடுவில் நின்றேன்.

எத்தனையோ தடவை பஸ்ஸில் இருந்து பார்த்த வீதி. அன்றைக்குக் காரில்லை, பஸ்ஸில்லை. முன்னால் பார்த்தால் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை தலைகள். திரும்பிப் பார்த்தால் வடக்கேயும் அப்படித்தான். முள்ளுக்கம்புகளும் மரத் துவக்குகளும் தலைகளுக்கு மேல் அசைந்தன. தோளில் குழந்தைகள். சக்கர நாற்காலியில் ஒருவர். இவ்வளவு சனம் நடக்கும் வீதியில், உப்புப் போட்ட பனியில் சப்பாத்துகள் நசுக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. நெஞ்சுக்குள் ஏதோ நிரம்பிக்கொண்டு வந்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பயம் எனக்குப் பழக்கமானது, அதன் ருசி எனக்குத் தெரியும். இது அதில்லை.

"இஞ்சாலை வாரும்" என்று கணவரின் குரல் கேட்டது. அவர் நடைபாதையில் நின்றார்.

"வாறன்" என்றேன். ஆனால் அம்மையார் என் முழங்கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டிருந்தார். பின்னால் சனம் வந்துகொண்டேயிருந்தது. நான் நடந்தேன்.

கணவர் திரும்பிப் போகவில்லை. வீதிக்கு இறங்கவும் இல்லை. நடைபாதையாலேயே எனக்கு நேராக நடந்து வந்தார். கடை வாசல்களில் வேடிக்கை பார்த்து நின்றவர்களை விலக்கி, குப்பைத் தொட்டிகளைச் சுற்றி, சில இடங்களில் ஓடி. நான் எப்போது திரும்பிப் பார்த்தாலும் அவருடைய நீல ஜக்கெற் தெரிந்தது. ஏதாவது நடந்தால் ஒரே பாய்ச்சலில் வந்து என்னை இழுத்துக்கொண்டு போவதற்குத்தான் அப்படி வந்தார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சந்தியில் அவரைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு பொலிஸ்காரர் அவருக்கு முன்னால் நின்று குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என் கால்கள் நின்றுவிட்டன. கணவர் இரண்டு கைகளையும் ஜக்கெற் பையிலிருந்து வெளியே எடுத்து, விரல்களை விரித்தபடி வைத்துக்கொண்டு பதில் சொன்னார். பிறகு என்னைக் காட்டினார். பொலிஸ்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். தொப்பியில் கைவைத்துத் தலையசைத்தார். பிறகு, குறுக்குத் தெருவிலிருந்து திரும்ப முயன்ற ஒரு காருக்கு முன்னால் போய் நின்று, உள்ளங்கையைக் காட்டி அதை நிறுத்தினார். மற்றக் கையால் என் கணவரிடம், போங்கள், போங்கள் என்று காட்டினார்.

என் கணவர் தெருவைக் கடக்கும்வரை அந்தக் கார் நின்றது.

மற்றவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. அம்மையார் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குளிர் என்று அவர் நினைத்திருப்பார்.

ஊர்வலம் போய்ச் சேர்ந்தது சட்டசபைக் கட்டடத்துக்கு முன்னால் உள்ள பெரிய புல்வெளிக்கு. அங்கே எல்லாம் ஒரே பனி. வீதியுமில்லை, நடைபாதையுமில்லை. அதனால் கணவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். யாரோ ஒருவர் அவர் கையில் சூடான கோப்பையொன்றைக் கொடுத்தார். சிலர் பேசினார்கள். எல்லோரும் பாடினார்கள். பொழுது சாயத் தொடங்கியதும் ஆட்கள் குழந்தைகளுக்குத் தொப்பியை இறுக்கிவிட்டுக் கலைந்தார்கள்.

"இனி என்ன செய்யப் போகினம்?" என்று கணவர் கேட்டார்.

"வீட்டை போகப் போகினம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

காருக்குள் ஏறிச் சூடு பிடிக்கும்வரை அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "ஒருத்தருக்கும் அடி விழேல்லை. ஒருத்தரையும் ஏத்திக்கொண்டு போகேல்லை" என்றார். கொஞ்சத் தூரம் போனபின் மறுபடியும் அதையே சொன்னார்.

ஆறு நகரங்களும் தங்கள் சனத்திடம் கருத்துக் கேட்டு வாக்கெடுத்தன. நாங்கள் அதற்கு முந்திய வருடம்தான் குடியுரிமை எடுத்திருந்தோம். தபாலில் வந்த வாக்குத்தாளில், எங்கள் சமையல் மேசையில் வைத்து நான் புள்ளடி போட்டேன். கணவர் போடவில்லை. தன் கையால் எழுதிய எதையும் அரசாங்கத்துக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஆறு இடங்களிலும் சனம் பெரும்பான்மையாக வேண்டாம் என்றது. மாகாண அரசு அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்றது. கதை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

சித்திரை மாதத்தில் ஒரு காலை அம்மையார் வந்து, "தொலைக்காட்சியைப் பார்க்க வாருங்கள், எங்களுடைய தெரு வரப்போகிறது" என்றார். சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர்கள் சட்டத்தைத் தாமதப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். நகரத்திலுள்ள ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு திருத்தம். இந்தத் தெருவில் வசிப்பவர்களைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது என்று ஒன்று, அடுத்த தெருவுக்கு அதே போல் இன்னொன்று. ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றையும் சபையில் உரத்து வாசித்துத்தான் ஆகவேண்டும். இரவு பகலாக, நாட்கணக்காக அது நடந்துகொண்டிருந்தது.

கணவருக்கு அன்று வேலையில்லை. அவரும் வந்தார். அம்மையாரின் இருப்பறையில் மூவரும் இருந்தோம். களைத்த குரலில் ஒருவர் தெருப் பெயர்களை வாசித்துக்கொண்டேயிருந்தார். நான் காற்சட்டை கொண்டுபோய்க் கொடுத்த தெருக்கள், மகளுடைய சிநேகிதி இருக்கும் தெரு, பஸ் திரும்பும் தெரு. வாசிக்க வாசிக்க எனக்கு அது கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்வது போல இருந்தது. எவருடைய பெயரும் விடுபடக்கூடாது என்று.

மத்தியானத்துக்குக் கிட்ட, எங்கள் தெருவின் பெயர் வந்தது. நாலு அப்பார்ட்மென்றும் ஒரு தேவாலயமும் மட்டுமே உள்ள குட்டித் தெரு. அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தெருவில் வசிப்பவர்களைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது என்று ஒரு மாகாணத்தின் சட்டசபையில், எங்களை ஒருநாளும் கண்டிராத ஒருவர், உரத்து வாசித்தார்.

"அது நாங்களெல்லே?" என்று கணவர் கேட்டார்.

"ஓம். நாங்கள்தான்."

அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. அதற்கு முந்தியவையும் தோற்றவைதான். அடுத்த தெருவை வாசிக்கத் தொடங்கினார்கள். அந்த மாதமே சட்டம் நிறைவேறியது.

அம்மையார் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நான் சோறும் பருப்பும் ஒரு முட்டைப் பொரியலும் கொண்டுபோய்த் தட்டினேன். காரமில்லாமல்தான் சமைத்திருந்தேன். அழுதிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. "எங்கள் கிழவர் கையால் எனக்கு இப்போது அடி கிடைக்கும்" என்றார். "அவர் ஒரு மாரி முழுக்கச் சிறையில் இருந்தார். நான் இரண்டு நாளில் சோர்ந்துபோனேன்." பிறகு தட்டை வாங்கிக்கொண்டார்.

கார்த்திகை மாதத்தில் புதிய பெரிய நகரத்துக்கு முதல் தேர்தல் வந்தது. அன்று காலை கணவர் வேலைக்குப் போகுமுன் சேர்ட்டை அயர்ன் செய்துகொண்டிருந்தார்.

"எங்கை போறீங்கள்?" என்று கேட்டேன்.

"வோட்டுப் போட. நீர் வரேல்லையோ?"

ஊரில் அவர் ஒருமுறையும் வாக்குப் போட்டதில்லை. போடாதே என்று ஒரு பக்கமும், போடு என்று இன்னொரு பக்கமும் சொன்ன காலத்தில் வளர்ந்தவர். தேர்தல் நாளென்றால் அவர்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்களாம்.

தெருவோரத் தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் வாக்குச்சாவடி. உள்ளே போனால், மேசைக்குப் பின்னால் அம்மையார் இருந்தார். சட்டையில் உத்தியோகத்தர் அட்டை குத்தியிருந்தது. வருகிறவர்களின் விலாசத்தைக் கேட்டு, தாளைக் கிழித்து, மறைப்புத் தட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த நகரம் உண்டாகக்கூடாது என்று அவர் சித்திரை வரைக்கும் பனியிலும் குளிரிலும் நின்றதைக் கண்ணால் கண்டவள் நான். அதன் முதல் தேர்தலுக்கு அவரே வந்து மேசையில் இருக்கிறார்.

எனக்குப் பின்னால் ஆட்கள் இல்லாததால் குனிந்து மெதுவாகக் கேட்டேன்: "உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"நிறைய இருக்கிறது" என்றார் அதே மெதுவான குரலில். "ஆனால் ஆட்கள் வாக்குப் போட வேண்டும் அல்லவா? யாராவது வந்து கதவைத் திறக்கத்தானே வேண்டும்."

பிறகு நிமிர்ந்து, எங்களை முன்பின் தெரியாதவர் போல, சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். கணவர் பெயரையும் விலாசத்தையும் சொன்னார். எங்கள் குட்டித் தெருவின் பெயரை அவர் அவ்வளவு உரத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனார். நெடுநேரம் நின்றார். நான் என்னுடையதைப் போட்டுவிட்டு வந்து வாசலில் காத்துநின்றேன். வெளியே வந்தபோது அவருடைய முகம் கோயில் உள்வீதி சுற்றி வந்தவருடைய முகம் போல இருந்தது.

"நாளைக்கு ஆரும் வந்து, ஆருக்குப் போட்டனீ எண்டு கேட்பினமோ?" என்றார்.

"இல்லை."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் கேளாயினம்."

அவர் தலையாட்டினார். ஜக்கெற்றின் சிப்பை நாடிவரை இழுத்துப் பூட்டிக்கொண்டார். வேலைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. கதைத்தபடி இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம்.